கோபுரம் தெரிகிறது, சாவடி தெரியவில்லை

1966-ம் ஆண்டில் ஒன்றையொன்று அறியாத இரண்டு சட்டங்கள் பிறந்தன. ஒன்று சென்னைச் சட்டமன்றத்தில்: பழைய சின்னங்களையும் தொல்லியல் இடங்களையும் மாநில அரசு எடுத்துக் காப்பதற்கான சட்டம். இன்னொன்று வாஷிங்டனில்: தேசிய வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டம். நியூயார்க்கின் பென்சில்வேனியா ரயில் நிலையத்தை 1963-ல் இடிக்கத் தொடங்கியபோது எழுந்த கொதிப்பு, மூன்றே ஆண்டில் அங்கே சட்டமாகிவிட்டது. இரண்டு சட்டங்களும் பழைய கட்டடங்களைப் பற்றியவைதான். ஆனால் நம் சட்டம் கேட்டது, ‘எதையெல்லாம் அரசு தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ள வேண்டும்?’ என்று. அவர்கள் சட்டம் கேட்டது, ‘அரசுப் பணத்தில் ஒரு வேலையைத் தொடங்கும் முன் எதையெல்லாம் கவனித்தாக வேண்டும்?’ என்று. அறுபது ஆண்டு கழித்து விருதுநகர் மாவட்டத்து ஸ்ரீவில்லிபுத்தூரையும் ராஜபாளையத்தையும் பார்க்கும்போது, இந்த இரண்டு கேள்விகளுக்கும் உள்ள வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று புரிகிறது.

அமெரிக்கக் கிராமப்புற மாவட்டம் ஒன்றின் பாதுகாப்புப் பட்டியலை எடுத்துக்கொண்டால் அதில் அரண்மனை இருக்காது. மாதாகோவில், பள்ளிக்கூடம், மரப்பாலம், பஞ்சாலை, தானியக் களஞ்சியம், நூலகம், ஒரு டாக்டர் குடியிருந்த வீடு என்று இருக்கும். அலபாமாவில் மன்றோவில் என்ற சிற்றூர். 1903-ல் கட்டிய அதன் நீதிமன்றம் 1960-களில் புதுக் கட்டடத்துக்குப் போனது. பழைய கட்டடம் 1973-ல் அந்தச் சட்டத்தின்கீழ் உள்ள தேசியப் பட்டியலில் ஏறி, இன்று அருங்காட்சியகமாக நிற்கிறது. பொதுவாக ஐம்பது வயது ஆன கட்டடம் என்றால் அதை யாரும் முன்மொழியலாம். பட்டியலில் இன்று 90,000-க்கும் மேற்பட்ட பதிவுகள் உள்ளன.

இந்த எண்ணைக் கண்டு மயங்க வேண்டியதில்லை. அந்தப் பட்டியலில் ஏறிய தனியார் வீட்டை, உரிமையாளர் தன் சொந்தக் காசில் இடித்தால் தேசியச் சட்டம் தடுக்காது. ஊர் நிர்வாகம் தனியாக விதி போட்டிருந்தால்தான் தடை. பட்டியலில் ஏறியும் இடிபட்டவை அங்கே ஏராளம். அந்தச் சட்டத்தின் உயிர் அதன் 106-வது பிரிவில்தான் இருக்கிறது. மத்திய அரசின் பணமோ அனுமதியோ சம்பந்தப்பட்ட எந்தத் திட்டமும், பழைய கட்டடத்துக்கு என்ன நேரும் என்று முன்கூட்டி ஆராய்ந்து, சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்டுப் பதிவு செய்த பிறகே நகர முடியும். கேட்டபின்னும் இடிக்கலாம். ஆனால் கேட்காமல் இடிக்க முடியாது. வாடகைக்கோ வியாபாரத்துக்கோ பயன்படும் பழைய கட்டடத்தை முறைப்படி பழுது பார்த்தால் செலவில் 20 சதவீதம் வரிச்சலுகையும் உண்டு.

நம் பக்கம் நிலைமை தலைகீழ். சட்டம் கடுமையானது, பட்டியல் சிறியது. 1958-ன் மத்தியச் சட்டம் நூறு வயதைக் கேட்கிறது. 2010-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, மத்தியத் தொல்லியல் துறையின் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குப் புதுக் கட்டடம் கூடாது, அதற்கு மேல் 200 மீட்டருக்கு அனுமதி வாங்க வேண்டும். நெருக்கமான ஊர்களில் இந்த விதி என்ன செய்தது என்பது ஊரில் வீடு வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். ‘தொல்லியல்காரங்க வந்துட்டா ஒரு செங்கல் வைக்க முடியாது’ என்ற பேச்சு பரவியது. பழைய கல்வெட்டு இருந்தால்கூட வெளியே சொல்லாமல் வெள்ளையடித்து மறைக்கும் மனநிலை வந்தது. காக்க வந்த விதி, காக்க வேண்டியதை மக்களே ஒளிக்கும்படி செய்தால் அந்த விதியைக் குறை சொல்லாமல் இருக்க முடியாது.

இனி ஊருக்குள் வருவோம். ஸ்ரீவில்லிபுத்தூர் என்றதும் எல்லோர் கண்ணிலும் நிற்பது ஆண்டாள் கோயிலில் உள்ள வடபத்ரசாயி சன்னதியின் ராஜகோபுரம். பதினோரு நிலை, ஏறத்தாழ 192 அடி. தமிழ்நாடு அரசு முத்திரையில் இருப்பது இந்தக் கோபுரம்தான் என்பது பரவலான கருத்து. ஓவியர் கிருஷ்ணா ராவ் வரைந்தது மதுரை மேற்குக் கோபுரம் என்று வாதிடுவோரும் உண்டு. எதுவானாலும், ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரத்தின் அழகு தனி. மதுரைக் கோபுரங்களைப் போல நிலைக்கு நிலை சுதைப் பொம்மைகள் நெருக்கியடிப்பதில்லை. வெறும் கட்டுமானத்தின் அளவும் ஒழுங்குமே அதன் அழகு. அடுக்கு மேலே போகப் போகக் குறுகும் விகிதத்தில்தான் கண் நிற்கிறது. அலங்காரம் குறைந்த கட்டடத்தில் கொஞ்சம் தப்பு செய்தாலும் பளிச்சென்று தெரிந்துவிடும். பொருந்தாத நிறத்தில் பெயிண்ட், மேலே ஒரு எல்.இ.டி. சரம், பக்கத்தில் உயர்ந்துவிட்ட ஒரு கட்டடம், இவற்றில் ஏதாவது ஒன்றே போதும் அதைக் கெடுக்க.

இந்தக் கோயில் இந்து சமய அறநிலையத் துறையின் நிர்வாகத்தில் இருக்கிறது. பூஜை நடக்கும் கோயிலை அருங்காட்சியகம்போல உறைய வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை திருப்பணி செய்து கும்பாபிஷேகம் நடத்துவது ஆகம வழக்கம், அதுவே ஒரு பராமரிப்பு முறை. பிரச்சினை திருப்பணி செய்வதில் இல்லை. எதைக் கொண்டு, யார் மேற்பார்வையில் செய்கிறோம் என்பதில்தான் இருக்கிறது. தமிழகக் கோயில்களில் தூண்களின் அழுக்கை நீக்க சாண்ட் பிளாஸ்டிங் செய்து, சிற்பத்தின் மூக்கையும் நகத்தையும் கல்வெட்டின் எழுத்தையும் தேய்த்த கொடுமை நடந்து, பிறகுதான் அதற்குத் தடை வந்தது. நல்லபடியாகச் செய்ய முடியும் என்பதற்கும் நம்மிடமே சான்று உண்டு. ஸ்ரீரங்கம் திருப்பணிக்கு 2017-ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது கிடைத்தது. கும்பகோணம் பக்கம் துக்காச்சி ஆபத்சகாயேஸ்வரர் கோயிலுக்கும் பின்னர் அந்த விருது கிடைத்தது.

ஆண்டாள் கோயிலுக்குள் நான் மிகவும் அஞ்சுவது கோபுரத்துக்காக இல்லை, வடபத்ரசாயி சன்னதி முன்னுள்ள கோபால விலாச மண்டபத்தின் மர வேலைப்பாட்டுக்காக. கல் சில தவறுகளைத் தாங்கும், மரம் தாங்காது. மேல்தளத்தில் ஒரு நீர்க்கசிவு, சுவரோரம் ஒரு கரையான் புற்று, விட்டத்தில் அடித்த ஒரு மின்விசிறிக் கொக்கி, இவ்வளவு போதும் அதன் ஆயுளைப் பாதியாக்க. கல் சிற்பத்துக்கு நம் ஊரில் ஸ்தபதி கிடைப்பார். பழைய மரச் செதுக்கு வேலையைச் செதுக்காமல், பாலிஷ் போட்டுக் கறுக்க வைக்காமல் காக்கத் தெரிந்த ஆள் அரிது.

கோயிலிலிருந்து நடந்து போகும் தூரத்தில் திருமலை நாயக்கர் மகால். 1623 முதல் 1659 வரை மதுரையை ஆண்டவர், ஆண்டாள்மேல் பெரும் பக்தி கொண்டவர், இங்கே தங்கக் கட்டிக்கொண்ட மாளிகை. மாநிலத் தொல்லியல் துறையின் பாதுகாக்கப்பட்ட சின்னம். ஸ்ரீவில்லிபுத்தூரில் 1966 சட்டம் நேரடியாகத் தொடும் கட்டடம் என்றால் முதலில் இதைத்தான் சொல்ல வேண்டும். எனவே சட்டத்தை எடைபோட இதைவிடச் சரியான இடம் இல்லை.

மதுரையின் பெரிய மகால் எப்படிப் பிழைத்தது என்று முதலில் பார்க்க வேண்டும். நாயக்கர்களுக்குப் பின் அது சிதைந்து, பெரும்பகுதி போய்விட்டது. 1866 முதல் 1872 வரை சென்னை கவர்னராக இருந்த நேப்பியர் பிரபு எஞ்சியதைப் பழுது பார்த்தார். அதன்பின் 1970 வரை அங்கே ஜில்லா கோர்ட் நடந்தது. கோர்ட் நடந்ததால்தான் கூரை ஒழுகினால் யாரோ பார்த்தார்கள், கதவு பெயர்ந்தால் யாரோ மாட்டினார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் மகாலிலும் நீண்ட காலம் நீதிமன்றம் இயங்கியது. மாவட்டத் தலைநகர் விருதுநகராக இருந்தும் மாவட்ட முதன்மை நீதிமன்றம் இன்றும் ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் இருக்கிறது. வக்கீலும் கட்சிக்காரரும் அமீனாவும் நடமாடிய கட்டடம் அது. கோர்ட்டின் அலமாரிகளும் தடுப்புகளும் அதற்குக் காயம் செய்திருக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் ஆள் நடமாட்டம்தான் அதை நம் காலம்வரை கொண்டுவந்து சேர்த்தது.

இங்கே சட்டத்தின் பலவீனம் தெரிகிறது. பாதுகாக்கப்பட்ட சின்னம் என்று அறிவித்தால் அதை இடிப்பது குற்றமாகும், சேதப்படுத்துவதும் குற்றமாகும். அவ்வளவுதான். அதற்கு ஒரு வேலை கொடுக்கும் பொறுப்பைச் சட்டம் யாரிடமும் தரவில்லை. பூட்டிக் கிடக்கும் சுண்ணாம்புக் கட்டடம் எப்படிச் சாகிறது என்பதை அருகில் நின்று பார்த்தவர்கள் அறிவார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் சேர்த்து அரைத்த சுண்ணாம்புக் காரை மூச்சு விடும். மழையில் ஈரம் வாங்கும், வெயிலில் விடும். காரை உதிர்ந்த இடத்தில் அவசரத்துக்கு ஒரு கொத்தனார் சிமெண்ட் பூசுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிமெண்ட் ஈரத்தை வெளியே விடாது. உள்ளே தங்கிய ஈரம் உப்போடு மேலேறி, பூச்சுக்கு மேல் பழைய காரையைப் பொரிக்கிறது. இரண்டு மூன்று மழைக்காலத்தில் உள்ளிருக்கும் செங்கல் மாவாகிறது. வெளியே பூச்சு மட்டும் கெட்டியாக, தட்டினால் டொக்கென்று சத்தம் வரும்படி நிற்கிறது. இடித்த குற்றவாளி யாரும் கிடையாது. பழுது பார்த்தவர்தான் உண்டு. இந்த மரணத்தை எந்தச் சட்டப் பிரிவும் பிடிக்காது.

அதனால் மகாலைப் பொறுத்தவரை என் கணிப்பு இது: சட்டம் அதற்கு வேலி போட்டுக் கொடுத்திருக்கிறது, வாழ்வைக் கொடுக்கவில்லை. கோர்ட்டுக்குப் பதிலாக ஓர் ஊர் அருங்காட்சியகமோ, திருவாடிப்பூரத் தேர்த்திருவிழாவுக்கு வரும் லட்சக்கணக்கான மக்கள் நுழைந்து பார்க்கும் ஒரு நாயக்கர் வரலாற்றுக் கூடமோ அங்கே அன்றாடம் நடக்க வேண்டும். தேருக்கு வருபவர்கள் பால்கோவா வாங்கிக்கொண்டு திரும்புகிறார்கள். பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு 2019-ல் கிடைத்தது, அது வேண்டிய ஒன்று. மகாலுக்கும் அந்தக் கூட்டத்தின் ஒரு பங்கு வேண்டும்.

அடுத்து, பட்டியல் எட்டாத ஒன்று: பென்னிங்டன் பொது நூலகம். 1875-ல் தொடங்கியது. அப்போது இந்த ஊர் திருநெல்வேலி ஜில்லாவில் இருந்தது. அந்த ஜில்லா கலெக்டரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. சென்னையில் கன்னிமாரா நூலகம் திறந்தது 1896-ல். தலைநகருக்கு 21 ஆண்டு முன்பே ஒரு கோயில் ஊர், எல்லோரும் வந்து படிக்க ஒரு பொது நூலகத்தை அமைத்துக்கொண்டது. இது ஸ்ரீவில்லிபுத்தூர் தன்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள வேண்டிய சேதி. கோபுரத்தைப் பற்றிச் சொல்லும் ஆர்வத்தில் கால்வாசிகூட இதற்கு இல்லை. இதைத் தாங்கியது எந்தத் தொல்லியல் சட்டமும் இல்லை. ஊர்ப் பெரியவர்கள் தலைமுறை தலைமுறையாக நடத்தினார்கள், வாசகர்கள் வந்தார்கள். அமெரிக்க மாவட்டப் பட்டியல் எதிலும் இப்படியொரு நூலகம் முதல் பக்கத்தில் இருந்திருக்கும்.

பட்டியல் எட்டாத இன்னொன்று இன்னும் ஆபத்தில் இருக்கிறது. ஆண்டாளுக்கு நைவேத்தியம் ஆன பிறகே திருமலை நாயக்கர் உண்பார் என்றும், அந்தச் செய்தியை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மதுரை வரை நகரா முரசு அடித்து மண்டபம் மண்டபமாகக் கடத்தினார்கள் என்றும் சொல்வழக்கு உண்டு. வரலாறா, பக்தியில் விளைந்த கதையா என்பது தனி விவாதம். கட்டபொம்மன்மேலும் திருச்செந்தூரை வைத்து இதே கதை உண்டு. ஆனால் நகரா மண்டபம் என்று ஊரார் காட்டும் கல் மண்டபங்கள் கதையில்லை. சாலையோரத்தில், வயலோரத்தில் நிற்கும் கல். சிலவற்றில் ஆடு அடைகிறது, சிலவற்றின்மேல் போஸ்டர் ஒட்டியிருக்கிறது. ஒரு மண்டபத்தைத் தனியாகப் பார்த்தால் நான்கைந்து தூணும் மேலே கல் பாவிய கூரையும்தான், எந்த நிபுணரும் ‘முக்கியத்துவம் குறைவு’ என்று எழுதிவிடுவார். வரிசையாகப் பார்த்தால்தான் அது ஒரு பாதை, ஒரு செய்தித் தொடர்பு, மதுரையையும் ஆண்டாளையும் கட்டிய ஒரு நூல். ஒற்றைக் கட்டடமாகப் பார்த்தே பழகிய நம் பட்டியல் முறைக்கு வரிசை கண்ணுக்குத் தெரிவதில்லை. இந்தத் திசையில்தான் திருமங்கலம் முதல் ராஜபாளையம் வரை நான்கு வழிச்சாலை வருகிறது. சாலை வேண்டும், அதில் மாற்றுக் கருத்து இல்லை. அறிவிக்கப்பட்ட சின்னம் குறுக்கே வந்தால் பொறியாளர் பதில் சொல்லியாக வேண்டும். அறிவிக்கப்படாத மண்டபத்துக்காக அவரிடம் கேள்வி கேட்கச் சட்டத்தில் இடமே இல்லை.

ராஜபாளையம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஆனால் பட்டியல் கண்ணில் அது கிட்டத்தட்ட வெற்று ஊர். பெத்தவநல்லூர் மாயூரநாதர் கோயிலைத் தவிர்த்தால் ‘பழமை’ என்று வெளியூர்க்காரர் கேட்கும் ஒன்றும் கண்ணில் படாது. விஜயநகரக் காலத்து இடப்பெயர்வில் வந்த ராஜுக்கள் கோட்டை கோட்டையாகக் குடியேறிய ஊர் இது. கோட்டைக்கு ஒரு சாவடி. பஞ்சாயத்தும் கல்யாணமும் கோயில் விழா வரவுசெலவும் அங்கேதான். எந்தத் துறையின் உத்தரவும் இல்லாமல் அந்தந்தக் கோட்டையாரே பராமரித்து வந்தார்கள். பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-ல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். அதிலிருந்து ஊரின் முகம் மாறியது. கூப்பிடு தூரத்தில் சத்திரப்பட்டி, மருத்துவமனைகளுக்குப் போகும் பேண்டேஜ் துணிக்குப் பேர்போனது. 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தை ஆண்ட பி.எஸ். குமாரசாமி ராஜா, தன் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தார். ஒரு முதலமைச்சர் தன் வீட்டை ஊருக்கு எழுதிவைத்து அதைக் கலைக்கூடமாக்கியது, நம் அரசியலில் எத்தனை முறை நடந்திருக்கிறது?

இந்த ஊரின் வரலாறு இருபதாம் நூற்றாண்டு வரலாறு. அதன் கட்டடங்கள் மில், ரயில் நிலையம், சாவடி, தேக்கு விட்டத்தின்மேல் செங்கல்லை நெட்டுக்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பிட்ட மெட்ராஸ் டெரஸ் வீடு, தறிக்குழி உள்ள நெசவாளர் வீடு. நூறு வயது விதி இவற்றில் பலவற்றை வாசலிலேயே நிறுத்திவிடும். பாகப்பிரிவினை என்று வந்துவிட்டால் மெட்ராஸ் டெரஸ் வீட்டின் தேக்கு விட்டம் தனியாகவும் கதவு நிலை தனியாகவும் பழைய சாமான் கடைக்குப் போய்விடும். அந்த வீடு எப்படி இருந்தது என்பதற்கு ஓர் அளவு வரைபடம்கூட எஞ்சாது.

ஒரு நியாயமான எதிர்வாதத்தையும் சொல்லியாக வேண்டும். பட்டியலை விரித்தால் யாருடைய வீடு உள்ளே வரும்? வசதியுள்ளவர் சாவடியும் மில் முதலாளி வீடும் எளிதில் ஏறிவிடும். மில் தொழிலாளி குடியிருந்த லைன் வீடும், ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்டவர்கள் கூடிய இடமும், நெசவுத் தெருவும் மறுபடி விடுபட்டுவிடும். அமெரிக்கப் பட்டியலிலேயே வெள்ளையர் மாளிகைகள் நிறைந்து கறுப்பின மக்களின் பள்ளிகளும் தேவாலயங்களும் வெகுகாலம் குறைவாகவே இருந்தன. இந்த ஆட்சேபம் சரியானது. அதற்கான மருந்து பட்டியலைக் குறுக்குவதில் இல்லை. முன்மொழியும் உரிமையை எல்லோர் கையிலும் கொடுப்பதில் இருக்கிறது. சத்திரப்பட்டி நெசவாளர் ஒருவர் தன் தெருவை முன்மொழிய முடிய வேண்டும்.

இன்னொரு ஆட்சேபம்: ஏற்கெனவே சட்டத்துக்குக் குறைவா? இல்லைதான். தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012-லேயே இயற்றப்பட்டது. 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் நீதிபதிகள் ஆர். மகாதேவன், பி.டி. ஆதிகேசவலு அமர்வு, பழங்காலக் கோயில்களையும் சின்னங்களையும் காக்க 75 கட்டளைகளுடன் தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகும் ஆணையச் சட்டம் நடைமுறைக்கு வர 2024 ஆனது. பன்னிரண்டு ஆண்டு! அந்தப் பன்னிரண்டு ஆண்டில் தமிழகச் சிற்றூர்களில் எத்தனை மச்சு வீடுகளும் மண்டபங்களும் போயின என்று கணக்கு எடுத்தவர் யாருமில்லை. கணக்கெடுக்க ஒரு பட்டியல் இருந்திருக்க வேண்டும் அல்லவா? சென்னைக்கு ஓரளவு உண்டு. உயர் நீதிமன்றத் தீர்ப்பை ஒட்டி 2010 முதல் சி.எம்.டி.ஏ.வில் பாரம்பரியப் பாதுகாப்புக் குழு இருக்கிறது. நீதிபதி பத்மநாபன் குழு அடையாளம் கண்ட நானூறுக்கும் மேற்பட்ட கட்டடங்கள் அதன் கண்காணிப்பில் வந்தன. சென்னைக்குச் செய்ததை ஸ்ரீவில்லிபுத்தூருக்குச் செய்ய எந்தத் தடையும் இல்லை. கேட்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

எடைபோட்டு முடித்தால் என் தீர்ப்பு இது. கோபுரத்துக்கும் மகாலுக்கும் நம் கடுமையான சட்டமே பொருந்தும். அமெரிக்க முறையின் தளர்ச்சி அவற்றுக்கு ஆபத்து. ஒரு உரிமையாளரின் மனமாற்றத்துக்கு அவற்றை விட முடியாது. மகாலுக்குத் தேவை இன்னொரு தடை உத்தரவு இல்லை, அன்றாடப் பயன்பாடும் சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரும். ஆனால் நூலகத்துக்கும் மண்டபங்களுக்கும் சாவடிகளுக்கும் மில்லுக்கும் தறி வீடுகளுக்கும் நம் சட்டம் தோற்றுவிட்டது. அவற்றைக் கடுமையான பட்டியலில் ஏற்றினால் உரிமையாளர்களே எதிரியாவார்கள், ஏற்றாமல் விட்டால் தடயமின்றிப் போகும். அவற்றுக்கு வேண்டியது அமெரிக்கச் சட்டத்தின் அந்த ஒரு கடமைதான்: பொதுப்பணத்தில் சாலையோ கட்டடமோ வரும் முன் கேட்க வேண்டும், இடிக்கும் முன் அளந்து படமெடுத்துப் பதிவு செய்ய வேண்டும். கட்டடத்தைக் கட்டாயப்படுத்திக் காக்காவிட்டாலும் அதன் நினைவைக் கட்டாயமாகக் காக்கும் இரண்டாம் பட்டியல் ஒன்று வேண்டும். அதில் சேர்ந்து ஒழுங்காகப் பழுது பார்ப்பவருக்கு நகராட்சி சொத்துவரியில் ஒரு பகுதியைத் தள்ளித் தந்தாலே மனநிலை மாறும்.

ஆணையம் இப்போது சட்டப்படி வேலை செய்யும் நிலைக்கு வந்துவிட்டது. இரண்டு நகராட்சிகளும் அதனிடம் முதலில் கொண்டுபோக வேண்டியது நகரா மண்டபங்களின் வரிசையை. சாலை வேலை நடக்கும் பாதையில் எந்தெந்த மண்டபம் எந்த மைல்கல்லில் நிற்கிறது என்று புகைப்படத்துடன் ஒரு பட்டியல் வேண்டும். அதைத் தயாரிக்கத் துறை தேவையில்லை. டி.கல்லுப்பட்டியிலும் கிருஷ்ணன்கோவிலிலும் அழகாபுரியிலும் இருப்பவர்கள் கையில் கைபேசி இருக்கிறது. உங்கள் ஊர் எல்லையில் உள்ள மண்டபத்தைப் படமெடுத்து, இடத்தைக் குறித்து, மாவட்ட ஆட்சியருக்கும் ஆணையத்துக்கும் மனுவாக அனுப்புங்கள்.